ஒற்றை வரியில் தொங்கிய கண்ணாடி

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துக் கண்ணாடி விழுந்தது. பட்டறைக்குள் அப்போது ஈ காக்கை இல்லை, அந்த மட்டும் தப்பித்தார்கள். சத்தம் கேட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து பார்த்தால், கிரேன் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்ற இடத்தில் நிற்கிறது. அதன் ரப்பர் கப்புகள் உறிஞ்சிப் பிடித்திருந்த கண்ணாடிப் பலகை மட்டும் தரை முழுக்கச் சில்லு சில்லாகக் கிடக்கிறது.

மேஸ்திரிக்கு யார்மேலாவது பாய வேண்டும். பாய்ந்தார்.

"கப்பைத் துடைச்சியா இல்லையா? தூசி இருந்தா எப்படிய்யா பிடிக்கும்? இத்தனை வருஷமா கிரேன் ஓட்டுற, இதைக்கூட நான் வந்து சொல்லணுமா?"

"காலையில எல்லாத்தையும் துடைச்சேன்," என்றான் கிரேன்காரன்.

"துடைச்சா ஏன் விழுது? கண்ணாடிக்கு உன்மேல கோபமா?"

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். கிரேன்காரனின் முகம் சுண்டிப்போனது. இன்னொரு தடவை கண்ணாடி நழுவினால் அவன் கிரேனை விட்டு இறங்கிப் பேக்கிங் பக்கம் போய்ப் பெட்டிக்கு ஆணி அடிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மேஸ்திரி நகர்ந்தார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள் அவனுடைய தங்கை. அதே பட்டறையின் ஓரத்தில், கண்ணாடித் தடுப்புப் போட்ட அறையில் உட்கார்ந்து, அந்தக் கிரேனுக்குப் புரோகிராம் எழுதுகிறவள் அவள்தான். அண்ணன் சொல்லித்தான் அவளை வேலைக்கே சேர்த்தார்கள். அவனை நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்டதில் அவளுக்கு வயிறு எரிந்தது. கப்பைத் துடைக்காமல் கிரேனைத் தொடுகிற ஆளா அவன்? சாப்பிடுகிற தட்டைவிட அந்த ரப்பரைத்தான் சுத்தமாக வைத்திருக்கிறான் என்று அண்ணி வீட்டில் சதா குறைப்படுவாள்.

"விடுண்ணா. என்ன ஆச்சுன்னு நான் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்றேன்."

"நீ ஒண்ணும் பாக்க வேணாம், வாலு. நானே நிரூபிச்சுக் காட்டுறேன்." சின்ன வயதில் வைத்த பட்டப்பேர், இன்னும் அவன் விடவில்லை. விறுவிறுவென்று கிரேனைப் பார்க்கப் போய்விட்டான்.

அவள் அறைக்குத் திரும்பினாள். பக்கத்து நாற்காலியில் வழக்கம்போல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சிடுமூஞ்சி. பட்டறையே வைத்த பேர் அது. கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. புதிதாகக் கோபித்துக்கொள்ள முகத்தில் ஏது இடம்?

கிரேனின் புரோகிராம் இவர்கள் இரண்டு பேருடைய வேலை. வால்வை மூடி, காற்றை உறிஞ்சி, கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் முரட்டு அடிப்பகுதி சிடுமூஞ்சி எழுதியது. அதற்கு மேலே, 'பிடி', 'தூக்கு', 'விடு' என்று எளிதாகச் சொல்லி வேலை வாங்குகிற ஸ்கிரிப்ட் அவளுடையது. ஸ்கிரிப்ட் 'பிடி' என்று சொன்னதும் அடியில் நிஜமான பிடி ஒன்று உருவாகும். அதன்மேல் மெல்லிசாக ஓர் உறையைப் போட்டு அடிப்பகுதி அவள் பக்கம் நீட்டும். அவள் தொட்டுப் புழங்குவது அந்த உறையைத்தான்.

இந்த ஸ்கிரிப்ட் மொழிக்குள் குப்பை அள்ளுகிறவன் ஒருவன் இருக்கிறான். ஆள் இல்லை, அவனும் புரோகிராம்தான். நினைவகத்தில் இடம் நிரம்பி ஓர் எல்லையைத் தொட்டதும் துடைப்பத்தோடு வருவான். யாரும் பேர் சொல்லிப் பிடித்து வைத்திருக்காத எதுவும் அவனுக்குக் குப்பை. உறை ஒன்றை அள்ளினால், அதற்கு அடியில் இருக்கும் நிஜமான பிடியிடமும் 'உன் வேலை முடிந்தது, கிளம்பு' என்று சொல்லிவிட்டுத்தான் போவான். பிடி கிளம்பினால் வால்வு திறந்துகொள்ளும். உறைக்குப் பின்னால் எத்தனை கனம் தொங்குகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கு என்ன தலையெழுத்து?

அவள் மத்தியானத்துக் கோடுகளைத் திரையில் வரவழைத்தாள். உறிஞ்சும் அழுத்தத்துக்கு ஒரு கோடு, நினைவகத்துக்கு ஒரு கோடு. கப்பில் தூசி இருந்தால் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இறங்கியிருக்க வேண்டும். அப்படி இல்லை. கடைசி வரை நேராக வந்து, வெட்டினாற்போல் விழுந்திருந்தது. ஆக, வால்வு திறந்திருக்கிறது. யார் திறந்தது? கண் தானாக மற்றக் கோட்டுக்குப் போனது. ஏறிக்கொண்டே வந்த நினைவகக் கோடும் அதே நொடியில் மடமடவென்று இறங்கியிருந்தது. குப்பை அள்ளுகிறவன் வந்து போயிருக்கிறான்.

அவள் காலையில் திருத்தியவற்றின் பட்டியலைத் திறந்தாள்.

ஏனென்றால் காலையில் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று பழைய வரிகளைக் கிளற உட்கார்ந்தவள் சாட்சாத் அவள்தான். அதில் ஒரு வரி, பிடியை ஏதோ ஒரு பேரில் போட்டு வைத்திருந்தது. அந்தப் பேரை அதற்கப்புறம் யாரும் எங்கேயும் எடுத்துப் பார்க்கவில்லை. திரைகூட அந்த வரியை மங்கலான சாம்பல் நிறத்தில் காட்டி, உபயோகமில்லை என்றது. சிடுமூஞ்சி எழுதியது. எப்போதோ அவள் ஸ்கிரிப்டுக்குள் வந்து சேர்த்திருக்கிறார். ஏன் எழுதினேன் என்று பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்க்க மனுஷனுக்குக் கை வலித்திருக்கிறது. அவள் அழித்தாள். அழித்ததோடு நிற்காமல், "உங்க தண்ட வரி ஒண்ணைத் தூக்கிட்டேன் சார்," என்று கிண்டல் வேறு. அவருக்கு ஹெட்போனில் அது காதிலேயே விழவில்லை.

அந்தத் தண்ட வரிதான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அது இல்லாமலும் காலை முழுக்க வேலை நடந்தது, எப்படி? தூக்கின கண்ணாடியை உடனே இறக்கிவிட்டால் அள்ளுகிறவன் வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனால்தான் வினை.

"ஐயோ, ரப்பர் இல்ல. நான்!" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுந்தாள். ஓடிப்போய் அண்ணனிடம் சொல்ல வேண்டும்.

அதற்குள் பட்டறையில் அலறல் கேட்டது.

தடுப்பு வழியாகப் பார்த்தாள். ஆர்டருக்காக வைத்திருந்த தடித்த பெரிய பலகை கிரேனில் சாய்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் அடியில் அண்ணன். தூசி இல்லை என்று நிரூபிக்கப் போனவன், அண்ணாந்து ஒவ்வொரு கப்பின் விளிம்பாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் பலகைகள் அடுக்கி நின்ற தள்ளுவண்டியின் சக்கரக்கட்டை நழுவிவிட்டது. வண்டி உருண்டுவந்து அவன் காலைக் கிரேனின் பீடத்தோடு வைத்து நசுக்கிக்கொண்டு நின்றது.

யாரோ சிவப்புப் பட்டனை அமுக்கியிருந்தார்கள். கிரேன் இனி அசையாது. ஆனால் அந்தப் பட்டன் அசைவை மட்டும்தான் நிறுத்தும், வால்வைத் தொடாது. அவசரத்தில் பட்டனை அமுக்கப் போய்க் கண்ணாடி விழுந்துவிடக் கூடாதே என்று அப்படி வைத்திருந்தார்கள். வால்வு கம்ப்யூட்டரின் பொறுப்பு. கம்ப்யூட்டரில் அந்தப் பிடியைப் பிடித்திருக்க ஒரு நாதி இல்லை.

நினைவகக் கோடு பாதி உயரம் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

அவள் சிடுமூஞ்சியின் ஹெட்போனைப் பிடுங்கினாள். "சார், பிடியை ஒரு பேர்ல போட்டு வெச்சிருந்தீங்களே, அந்த வரியைக் காலையில அழிச்சுட்டேன். அண்ணன் அடியில மாட்டிக்கிட்டு நிக்கிறான்."

அவர் திரையைப் பார்த்தார். வெளியே பார்த்தார். திட்டவில்லை. அவர் திட்டாததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"புரோகிராமையே நிறுத்திடட்டுமா?"

"தொடாதே! கம்ப்யூட்டர் பேச்சு நின்னா வால்வு தானா திறந்துக்கும். கரண்டைப் பிடுங்கினாலும் அதே கதிதான்."

"எவன் சார் அப்படிப் பண்ணி வெச்சான்?"

"வால்வை ஓட்டுறது கடையில வாங்கின கார்டு. யாரைப் போய்க் கேக்குறது?"

"அப்ப அந்தப் பிடியைத் திரும்ப ஒரு பேர்ல போட்டுட்டா?"

"எதைச் சொல்லிக் கூப்பிடுவ? இருந்த ஒரே பேரையும்தான் அழிச்சுட்டியே."

வாஸ்தவம். வெளியே ஆட்கள் வண்டியை முட்டித் தள்ளிப் பார்த்தார்கள். ஏற்றியிருந்த கண்ணாடியின் கனத்துக்கு அது இம்மியும் நகரவில்லை. ஜாக்கி எடுத்துவர ஒருவன் ஸ்டோரைப் பார்த்து ஓடினான்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் பாய்ந்தாள். மேஸ்திரி டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கிரேனின் அழுத்தம் குறைகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்களும் ஆளுக்கொரு போனில் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். எல்லாம் நல்ல எண்ணம்தான்.

"எல்லாரும் அதை மூடுங்க! பாக்காதீங்க!"

"பாக்காம? பிடிச்சிருக்கா இல்லையான்னு தெரிய வேணாமா?"

"நீங்க பாக்கப் பாக்கத்தான் விழும்!"

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார் மேஸ்திரி. எப்படி விளக்குவாள்? ஒவ்வொரு தடவை அழுத்தத்தின் எண்ணை அந்தத் திரைகளுக்கு அனுப்பும்போதும் ஸ்கிரிப்ட் கொஞ்சம் குப்பை போடுகிறது, குப்பை சேரச் சேர அள்ளுகிறவன் கிட்ட வருகிறான் என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் வந்தே விடுவான். அவள் டேப்லெட்டை வெடுக்கென்று பிடுங்கி அணைத்தாள். அதைப் பார்த்த மற்றவர்கள் பயந்துபோய்த் தங்கள் போனையும் மூடினார்கள்.

"சரிம்மா, கிரேனையாவது கொஞ்சம் மேல தூக்கி அந்தப் பக்கம் திருப்பு. நான் பட்டனை எடுத்துவிடுறேன்."

"எதையும் தொடாதீங்க. தூக்கச் சொன்னா அதுக்கும் குப்பை சேரும், விழுந்துடும்."

"ஏம்மா, அடியில நிக்கிறது உன் அண்ணன்தானே?"

"அதனாலதான்யா சொல்றேன்!"

மேஸ்திரியை 'யா' போட்டுப் பேசியது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு பட்டனிலிருந்து கையை எடுத்தார்.

"வாலு!" என்றான் அண்ணன் கண்ணாடிக்கு அடியிலிருந்து. வேர்த்து ஊற்றியது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். "ரப்பர் நல்லாதான் இருக்குடி. எல்லாத்தையும் தடவிப் பாத்துட்டேன். அவர்கிட்ட சொல்லு."

உயிர் ஊசலாடுகிற இடத்தில் நின்றுகொண்டு ரப்பரைப் பற்றிப் பேசுகிறான் பாருங்கள்! "தெரியும்ணா. அசையாம நில்லு," என்று மட்டும் சொன்னாள். உண்மையைச் சொன்னால் அவன் காலை இழுத்துப் பிய்த்துக்கொண்டு வெளியே வரப் பார்ப்பான், வரவும் முடியாது.

அறைக்குள் திரும்பி ஓடினாள். போன்களை மூடியதில் கோடு கொஞ்சம் சாவகாசமாக ஏறியது. ஆனாலும் ஏறியது. கிரேன் தன் பாட்டுக்குத் தன்னைச் சோதித்துக்கொண்டே இருந்தது, அதற்கும் குப்பை உண்டு. எல்லைக்கும் கோட்டுக்கும் நடுவில் விரல் பருமனுக்குத்தான் இடம் மிச்சம்.

"ஒரே வழிதான் இருக்கு," என்றார் சிடுமூஞ்சி. "குப்பை அள்ளாதேன்னு ஒரு வரி இருக்குல்ல, அதை அடி."

"அந்த வரியைப் படிக்கவே அது இடம் எடுத்துக்குமே சார்."

"எடுத்துக்கும். கொஞ்சம்தான்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"தெரியாது."

"ஒரு எழுத்து தப்பாப் போச்சுன்னா?"

"எங்க தப்பு, என்ன தப்புன்னு பெரிய புராணம் எழுதும். அந்தக் குப்பைக்கு அவன் நிச்சயம் வந்துடுவான்."

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். ஸ்டோருக்குப் போனவன் இன்னும் வரவில்லை. சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறானோ என்னவோ, பாழாய்ப்போனவன். சும்மா இருந்தால் அள்ளுகிறவன் கட்டாயம் வருவான். அந்த வரியை அடித்தால், அடித்த வரியாலேயே வந்தாலும் வரலாம். தன் கையால் அண்ணன்மேல் கண்ணாடியைத் தள்ளிவிடுவதா, தானாக விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதா?

"நீங்களே அடிங்க சார். எனக்கு முடியல."

"அது உன் பாஷை. எனக்கு அந்த வரி முழுசா ஞாபகம் இல்ல. நீதான் அடிக்கணும்." பிறகு, அவர் வாயிலிருந்து யாருமே கேட்டிராத குரலில், "நான் பக்கத்துலயே இருக்கேன்மா," என்றார்.

அவள் அடித்தாள். விரல் பக்கத்து எழுத்தில் பட, அதை அழித்து, மறுபடி அடித்தாள். என்டரைத் தட்டும் வரை ஸ்கிரிப்ட் அதைப் படிக்காது, அது ஒன்றுதான் தெம்பு. சிடுமூஞ்சி திரையில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். அடைப்புக்குறியைத் திறந்திருக்கிறாள், மூடவில்லை. அவர் சுட்டிக்காட்டினார். மூடினாள். மறுபடி முதலிலிருந்து படித்தார். கோடு எல்லையை உரசிக்கொண்டிருந்தது.

"சரியா இருக்கு. தட்டு."

கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மூடவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டே தட்டினாள்.

கண்ணாடி தொங்கியது. இன்னும் தொங்கியது. அவளுக்குத் திரையைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "தாண்டிடுச்சு," என்றார் சிடுமூஞ்சி. "எல்லையைத் தாண்டி ஏறுது. அவன் வரல." அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது, அழுகையும் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஜாக்கி வந்து சேர்ந்தது. வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுத்ததும், மேஸ்திரியே குனிந்து உள்ளே புகுந்து அண்ணனின் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தார். கோபக்காரரே ஒழியப் பயந்தாங்கொள்ளி இல்லை. எலும்பு முறியவில்லை, ஆடுசதை கிழிந்திருந்தது. ஒரு மரப்பெட்டியில் உட்கார வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவள் போய் அவன் முன்னால் குந்தினாள்.

"அண்ணா, ரப்பர் இல்ல. காலையில நான் ஒரு வரியை அழிச்சேன். மத்தியானம் விழுந்ததும் அதனாலதான். உன்மேலயும் விழுந்திருக்கும்."

அவன் அவளையே பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"வாயை மூடு," என்றான் மெதுவாக.

"அண்ணா..."

"மூடுன்னேன்ல? ரப்பர்னே இருக்கட்டும். நான் ஆணி அடிச்சுப் பொழைச்சுக்குவேன். உன்னை வெளிய தள்ளிட்டா என்ன பண்ணுவ?"

அதற்குள் மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். நடந்ததற்கு அவர் ஒரு நியாயம் கண்டுபிடித்திருந்தார். "பாத்தியா? இப்ப துடைச்சுட்டு மாட்டின, இத்தனை நேரம் தொங்கியும் விழல. மத்தியானம் துடைக்காம மாட்டின, விழுந்துடுச்சு. அவ்வளவுதான் விஷயம். கால் ஆறினதும் பேக்கிங்குக்குப் போ, நான் சொல்லிக்கிறேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் காப்பாற்ற அவள் விழாமல் நிறுத்திவைத்த கண்ணாடியே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது! அவளுக்கு வந்ததே கோபம். மேஸ்திரிமேல் பாதி, தன்மேல் பாதி.

"எல்லாரும் தரையில போட்டிருக்கிற மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க," என்றாள் எழுந்து. "ஒருத்தர்கூடக் கிட்ட நிக்கக் கூடாது."

"எதுக்கும்மா?"

"போங்கன்னா போங்க!"

அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று சிடுமூஞ்சிக்குப் புரிந்துவிட்டது. "வேற மாதிரி சொல்லிப் புரியவைக்கலாமே," என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டார். வெளியே போய்க் கிரேனைச் சுற்றி ஒரு தரம் நடந்து, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

இப்போது குப்பையை அள்ளு என்று அடித்தாள். தட்டினாள்.

கிரேன் அசையவில்லை. யாரும் அதைத் தொடவில்லை. பெரிய பலகை அப்படியே கழன்று விழுந்து, பட்டறையே அதிரும்படி உடைந்தது. ஒரு சில்லு சறுக்கிக்கொண்டு வந்து மஞ்சள் கோட்டை ஒட்டி நின்றது.

மேஸ்திரி கிரேனுக்குப் போய், கப்புகளின் விளிம்பில் விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூசி ஒட்டவில்லை. அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ரப்பர் இல்ல. அவன் இல்ல. காலையில நான் ஒரு வரியை அழிச்சேன், இப்பவும் மத்தியானமும் அதனாலதான் விழுந்துது. என் தப்பு."

அப்புறம் மேஸ்திரி வெடித்தார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கடைசியில், "நாளையிலேருந்து இந்தப் பக்கம் தலைகாட்டாதே. வேற ஆளை வெச்சு எழுதிக்கிறோம்," என்றார். அவள் தலையாட்டினாள். அதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள்.

"வேற ஆளு எழுதினா, நான் அந்தக் கிரேனைத் தொட மாட்டேன்," என்றான் அண்ணன்.

மேஸ்திரி திரும்பினார். "உன்னைக் கொல்லப் பாத்தவய்யா அவ!"

"ஆமா." அண்ணன் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கோபத்தில் அவன் தாடை இறுகியிருந்தது. "புதுசா ஒருத்தன் வருவான். அந்த அறையில உக்காந்துக்கிட்டு அவனும் நாலு வரியை அழிப்பான். அடியில ஆள் நிக்கிறான்னு அவனுக்குத் தெரியவா போகுது? இவளுக்கு இனிமே தெரியும்."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிற? வந்து தோள் குடு," என்று அண்ணன் அவளை அதட்டினான். அவள் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். அவன் தன் கனத்தையெல்லாம் அவள்மேல் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே அழுத்தி ஊன்றி எழுந்தான். தோள் வலித்தது. அவள் நகரவில்லை.